துண்டுக்குள் இருநூற்றுப் பத்து

அந்தப் பையைக் கொஞ்சம் மடியில் வைத்துக்குங்க, நானும் உட்கார்ந்துக்கறேன். மலை ஏறுகிற வண்டியில் நின்றுகொண்டே போக என் இடுப்பு ஒத்துக்காது. ஜன்னல் ஓரத்தை நீங்களே வைத்துக்குங்க. கேட்டிருந்தால் வாங்கியிருப்பேன், கொடுக்கவும் வைத்திருப்பேன். ஆனால் இன்றைக்கு மேலே இதைவிடப் பெரிய பேரம் ஒன்று காத்துக்கிட்டிருக்குது. இருக்கிற தெம்பை இங்கேயே செலவழிக்கக் கூடாது பாருங்க.

என் பெயர் நாச்சிமுத்து. ஈரோட்டுப் பக்கம் எந்த மாட்டுச் சந்தையில் வேண்டுமானாலும் தரகர் நாச்சிமுத்து எங்கே என்று கேளுங்க, கை காட்டுவார்கள். கொஞ்சம் திட்டிவிட்டுத்தான் காட்டுவார்கள், அதனால் என்ன. கறவை மாடு வாங்கி விற்கிறவன் நான். பள்ளிக்கூடம் நமக்கு ஒத்துவரவில்லை. வாத்தியார் ஓர் அடி அடித்தார், நான் திருப்பி ஒன்று வைத்தேன், படிப்பு அத்தோடு முடிந்தது. அப்புறம் ஊரான் மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். ஏமாந்தேன். உதை வாங்கினேன், மாட்டிடமும் மனுசனிடமும். பிறகு ஏமாறாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித் தரலீங்க. சொல்லித் தருகிறேன் என்று வந்தவன்தான் என்னை முதலில் ஏமாற்றினான்.

எங்கே போறீங்க என்றா கேட்டீங்க? கேட்கலையா? சரி, நானே சொல்றேன். மேலே, செக்போஸ்ட் தாண்டி ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி இருக்குதுங்களே, அங்கே என் மகள் டாக்டர். கையோடு கூட்டிக்கொண்டு போக வந்திருக்கேன். வராதீங்க என்று போனில் சொல்லிவிட்டாள். வந்தால் நான் வெளியிலேயே வரமாட்டேன் என்றாள். வைத்தும் விட்டாள். நான் பதறலை. என் சம்சாரம் ருக்மணிதான் அழுதாள், நீங்க போகாதீங்க, நான் போய்ப் பேசறேன் என்று. உனக்கு என்னடி பேசத் தெரியும், கத்தரிக்காய்க்குச் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிறவள் நீ என்றேன். வரமாட்டேன் என்பது முதல் விலை. முதல் விலையைக் கேட்டு எவனாவது சந்தையை விட்டுப் போவானா?

மகள் பெயர் தாரணி. என்ன அப்படிப் பார்க்கறீங்க? கேள்விப்பட்ட பெயரா? இருக்கும், இப்போது நிறையப் பேர் வைக்கிறார்கள். இருங்க, நீங்க அப்புறம் சொல்லலாம். முதலில் நான் சொல்றதைக் கேளுங்க, அப்போதுதான் நியாயம் யார் பக்கம் என்று உங்களுக்குத் தெரியும்.

படிக்கிற பிள்ளை அவள். டாக்டருக்குப் படிக்க வைத்தேன். எப்படிப் படிக்க வைத்தேன் என்று கேட்காதீங்க, அது ஒரு தனிக் கதை. முடிக்கும்போது, குழந்தை வைத்தியம் மேல்படிப்பு அமெரிக்காவில் படிக்கறேனுங்கப்பா என்றாள். அவள்தான் கேட்டாள், நான் சொல்லலை. இதை நன்றாக மனசில் வைத்துக்குங்க. எனக்கும் ஆசைதான், இல்லை என்று சொல்லலை. எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் டாக்டர், அமெரிக்கா டாக்டர் ஒருத்தரும் கிடையாது. அங்கே அந்தப் படிப்புக்கு ரெசிடென்சி என்று பெயர். ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்துக்கொண்டு படிக்கலாம், சம்பளமும் உண்டு. அதில் சேர வேண்டும் என்றால் படிப்படியாகப் பரீட்சை எழுத வேண்டும். முதல் பரீட்சைதான் பெரிசு. அதில் நூற்றுக்கு இத்தனை என்று கிடையாதுங்க, இருநூறுக்கு மேலே ஒரு நம்பர் வரும். இருநூற்று நாற்பது, ஐம்பது எடுத்துவிட்டால் அங்கே எவனும் நீ எந்த ஊர், எந்தக் காலேஜ் என்று கேட்க மாட்டான். நம்பரைப் பார்ப்பான், வா என்பான்.

எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. பாலைக் கறந்து காட்டி மாட்டை விற்கிற மாதிரி. சாதி என்ன, நெற்றிச் சுழி என்ன என்கிற பேச்சே இல்லை. இத்தனை லிட்டர், எடு காசை.

ஏப்ரல் மாதத்தில் எழுதுவதாக இருந்தாள். அப்போது பார்த்து அமெரிக்காக்காரன் சட்டத்தை மாற்றினான். காந்திபுரத்தில் இதற்கென்றே ஆபீஸ் போட்டு, கழுத்தில் டை கட்டிக்கொண்டு ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். அவன்தான் சொன்னான்.

"ஜனவரி கடைசியோட நம்பர் கிடையாது சார். அதுக்கப்புறம் எழுதறவங்களுக்குப் பாஸ், ஃபெயில், அவ்வளவுதான்."

"நம்பர் இல்லாம எப்படித் தம்பி ஆளை எடுப்பான்?"

"அதான் சார் எல்லாருக்கும் பயம். வெளிநாட்டுல இருந்து போற நம்ம பசங்களுக்கு நம்பர்தான் பலம். அது போச்சுன்னா எந்தக் காலேஜ், யார் லெட்டர் கொடுத்திருக்காங்க, அங்க யாரைத் தெரியும்னு பார்க்க ஆரம்பிச்சிருவாங்க."

அவன் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. இந்தத் துண்டைப் பார்த்தீங்களா? சந்தையில் நாங்கள் விலையை வாயால் சொல்ல மாட்டோம். துண்டைக் கைமேல் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேசுவோம். இரண்டு விரலைப் பிடித்தால் இரண்டு, ஒன்றைப் பிடித்தால் ஒன்று, மூடின முட்டி பூஜ்யம். சுற்றிலும் ஊரே நின்றாலும் உள்ளே என்ன விலை என்று ஒருத்தனுக்கும் தெரியாது. விற்கிறவனுக்கு ஒன்று சொல்வேன், வாங்குகிறவனுக்கு ஒன்று சொல்வேன். நடுவில் இருக்கிறது என்னுடையது. துண்டு போட்டு மூடிவிட்டால் யாருக்கு யாரைத் தெரியுமோ அவனுக்குத்தான் வியாபாரம். புதுசாக வருகிறவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அமெரிக்காக்காரன் துண்டைப் போட்டு மூடப் போகிறான். மூடுவதற்கு முன்னால் நம் சரக்கை விற்றுவிட வேண்டும். இதில் என்ன தப்பு? நீங்களே சொல்லுங்க.

அந்தப் பையன் பின்னாலேயே ஏதோ சொன்னான். நல்ல நம்பர் வரும் என்றால் மட்டும் முன்னாடி எழுதச் சொல்லுங்க சார், இல்லைன்னா விட்டுடுங்க, என்று. நான் அப்போதே எழுந்து கதவுப் பக்கம் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, தேதியை மாற்று, பொங்கல் முடிந்த வாரம் எழுது என்றேன்.

"அப்பா, இப்ப எழுதுனா நம்பர் நல்லா வராதுங்கப்பா. ஏப்ரல்னா பாஸ் ஆனாப் போதும். நம்பரே இருக்காது."

"இப்ப எழுதுனா எவ்வளவு வரும்?"

"மாதிரிப் பரீட்சையில இருநூத்திப் பத்து வருதுங்கப்பா."

"எனக்கு இருநூத்தி நாப்பது வேணும்."

"வராதுங்கப்பா."

"சரி, முப்பது."

"அப்பா, இது பேரம் இல்லைங்கப்பா."

பேரம் இல்லை என்றுதான் எல்லாப் பேரமும் ஆரம்பிக்கும். முப்பது வருசமாகக் கேட்கிற வார்த்தை. இருபது லிட்டர் கறக்கிற மாட்டைப் பார்த்துவிட்டு, பன்னிரண்டுதானுங்க கறக்கும் என்பான் வாங்க வருகிறவன். பத்துக் கறக்கிற மாட்டைப் பதினெட்டு என்பான் விற்கிறவன். யாரும் உள்ளதைச் சொல்வது கிடையாது. உள்ளதைச் சொல்லிவிட்டால் அப்புறம் எதை வைத்துப் பேசுவது? என் மகள், என் ரத்தம், இருநூற்றுப் பத்து என்கிறாள் என்றால் உள்ளே இருநூற்று முப்பத்தைந்து வைத்திருக்கிறாள். நன்றாக வந்துவிட்டால் பார்த்தீங்களா அப்பா என்று சொல்ல வேண்டும், குறைந்துவிட்டால் நான்தான் அப்பவே சொன்னேனே என்று சொல்ல வேண்டும். இது எனக்குத் தெரியாதா? நான் செய்யாததா?

அதுவும் அவள் சொன்ன விதம் இருக்குதே. குரல் ஏறலை, கண் சிமிட்டலை. தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, சும்மா மழை வரும் என்கிற மாதிரி, இருநூத்திப் பத்து என்றாள். நல்ல வியாபாரிக்கு அதுதானுங்க அடையாளம். மனசுக்குள்ளே சந்தோசம்கூட வந்தது எனக்கு, படிப்போடு சேர்த்து இதையும் பிள்ளை கற்றுக்கொண்டுவிட்டதே என்று.

என்னங்க, ஏதோ சொல்ல வர்றீங்க. இருங்க, வளைவு வருது, கம்பியைப் பிடித்துக்குங்க. ஓட்டுநர் கைகாரன்தான், ஆனால் அவசரக்காரன்.

மாட்டுப் பொங்கல் அன்றைக்கும் பேசிப் பார்த்தேன். வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள், மாட்டுக்கு மாலை போட்டாயிற்று, இவள் மட்டும் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கைமேல் துண்டைப் போட்டேன். சின்னப் பிள்ளையாக இருந்தபோது விளையாடுவோம், அவளுக்கு இந்த விரல் கணக்கு தெரியும்.

"அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், ஊருக்குத் தெரிய வேண்டாம். அப்பனுக்கு மட்டும் சொல்லு சாமி. உள்ள எவ்வளவு வெச்சிருக்கே?"

புத்தகத்தை மூடினாள். அப்புறம் என் இரண்டு விரலைப் பிடித்தாள். விட்டாள். ஒரு விரலைப் பிடித்தாள். விட்டாள். அப்புறம் என் கையை மூடி முட்டியாக்கிப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. கை சில்லென்று இருந்தது.

இரண்டு, ஒன்று, பூஜ்யம்.

நான் துண்டை உதறிவிட்டுச் சிரித்தேன். அடேயப்பா, துண்டுக்குள்ளேகூட இறங்க மாட்டேன் என்கிறாளே என்றேன். ருக்மணி அடுப்படியில் இருந்து வந்து, பால் கறக்காம சந்தைக்கு ஓட்டிட்டுப் போற மாடாட்டம் நிக்கறா புள்ள, உங்களுக்குக் கண்ணு தெரியலீங்களா என்றாள். அது எங்கள் தொழிலில் ஒரு வேலைங்க. இரண்டு வேளை கறக்காமல் விட்டால் மடி புடைத்துக்கொண்டு பார்க்கப் பெரிசாகத் தெரியும். மாடு கொஞ்சம் கத்தும், நிற்கும், காலை மாற்றும். விற்றால் சரியாகப் போய்விடும்.

கடைசியில் ஒரே வார்த்தையில் முடித்தேன். ஜனவரி என்றால் பரீட்சை, ஏப்ரல் என்றால் கல்யாணம், எது வேண்டும் பார்த்துக்கொள் என்றேன். பேரத்தில் ஒரு கட்டத்துக்கு மேல் எழுந்து நடக்கத் தெரிய வேண்டுமுங்க. எழுந்து நடந்தேன். அன்று சாயங்காலமே தேதியை மாற்றிவிட்டாள். பார்த்தீங்களா, மாற்ற முடிந்ததுதானே?

சென்னையில் எழுதினாள். நாள் முழுக்க எழுதுகிற பரீட்சை. நான் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். வந்தவள் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். எப்படி என்றேன். தெரியலைங்கப்பா என்றாள். நல்லது, மாட்டை விற்றவன் எவனும் லாபம் என்று சொல்லிக்கொண்டு திரிய மாட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாசம் கழித்து ரிசல்ட். லேப்டாப்பைத் திருப்பி என் பக்கம் காட்டினாள். எனக்கு இங்கிலீசு தெரியாது, நம்பர் தெரியும். இருநூற்று ஒன்பது.

நான் முதலில் என்ன கேட்டேன் தெரியுமுங்களா? "ஒண்ணு குறையுதே" என்று கேட்டேன்.

அவள் அழலை. ஆமாங்கப்பா, ஒண்ணு குறையுது என்றாள்.

சரி போகட்டும், மறுபடி எழுது என்றேன். பாஸ் ஆன பரீட்சையை மறுபடி எழுத முடியாதாம். ஃபெயில் ஆனால் எழுதலாமாம். இது என்ன நியாயமுங்க? விற்ற மாட்டையே நான் மறுவாரம் திரும்ப வாங்கியிருக்கேன். காந்திபுரத்துப் பையனைப் பிடித்து, கட்டினதுக்கு இரண்டு மடங்கு கட்டறேன், பேசிப் பார் என்றேன். "யார்கிட்ட சார் பேசறது?" என்கிறான். டையைப் பிடித்து இழுத்துவிட்டேன். அவன் தப்புத்தான். இல்லைன்னா விட்டுடுங்க என்று கதவுக்குப் பின்னால் நின்று முனகினால் எவன் காதில் விழும்? ஓடி வந்து கையைப் பிடித்து நிறுத்த வேண்டாமா?

இதில் இன்னொரு பிள்ளை இருக்குதுங்க. ஆக்னஸ். நாகர்கோவில் பக்கம். இவளோடு ஒரே ரூமில் இருந்து படித்தவள். மாதிரிப் பரீட்சையில் இவளுக்கு வருகிற நம்பர்தான் அவளுக்கும் வந்துகொண்டிருந்தது, சொல்லப்போனால் ஒன்றிரண்டு குறைவாகவே வந்தது. அவள் ஏப்ரலிலேயே எழுதினாள். பாஸ். நம்பர் கிடையாது. வெறும் பாஸ்.

அடுத்த பரீட்சை வந்தது. அதற்கு நம்பர் உண்டு, அதை அமெரிக்காக்காரன் நிறுத்தலை. அதில் என் மகள் இருநூற்று நாற்பத்து நான்கு. ஆக்னஸ் அதைவிடக் குறைவு. நான் சந்தைக்கே லட்டு வாங்கிக் கொடுத்தேன். முப்பத்தைந்து ஏறியிருக்கிறாள், உள்ளே வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், நான் சொன்னது சரிதான் என்று எல்லோரிடமும் சொன்னேன். அப்போது இவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் பிடிபடலை. கோபம்கூட இல்லீங்க. ஊர் தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விண்ணப்பம் போட்டார்கள். ஆக்னஸை இன்டர்வியூவுக்கு மாற்றி மாற்றிக் கூப்பிடுகிறார்கள். இவளை ஓர் ஆஸ்பத்திரிதான் கூப்பிட்டது. என்னடா இது, நாற்பத்து நான்கு எடுத்தவளை விட்டுவிட்டு என்று நான் குதிக்கிறேன். இவள்தான் உட்கார வைத்துச் சொன்னாள், பொறுமையாக, நோயாளிக்குச் சொல்கிற மாதிரி.

"ஒரு இடத்துக்கு ஆயிரக்கணக்குல விண்ணப்பம் வரும்ங்கப்பா. எல்லாத்தையும் ஒக்காந்து படிக்க மாட்டாங்க. கம்ப்யூட்டர்ல ஒரு சல்லடை வெச்சிருக்காங்க. முதல் பரீட்சையில நம்பர் இருக்கறவங்கன்னா இவ்வளவுக்குக் கீழ தள்ளிடுன்னு சொல்லிருவாங்க."

"நம்பரே இல்லாதவங்களை?"

"அவங்களைத் தள்ளறதுக்கு அங்க ஒண்ணும் இல்லைங்களே. அடுத்த பரீட்சையைப் பார்ப்பாங்க."

அதாவது என்னங்க? துண்டு போட்டு மூடினவள் உள்ளே போகிறாள். திறந்து காட்டினவள் வெளியே நிற்கிறாள். சந்தையில் இப்படி ஒரு அநியாயத்தை நான் பார்த்ததே இல்லை.

அந்த ஓர் இன்டர்வியூ கம்ப்யூட்டரில்தான் நடந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். முந்தின நாளே சொல்லி வைத்தேன், முதல் பரீட்சையில் ஏன் குறைந்தது என்று கேட்டால் டெங்கு வந்துவிட்டது என்று சொல்லு என்று. கேட்டார்கள். இவள் என்ன சொன்னாள் தெரியுமா? அப்புறமாகத் தமிழில் கேட்டு வாங்கினேன். நான் தயாராகும் முன்னாடியே எழுதிட்டேன் என்றிருக்கிறாள். ஏன் அப்படி என்று கேட்டிருக்கிறான் அந்த வெள்ளைக்காரன். என்னோட முடிவுதான் என்றிருக்கிறாள்.

எங்க அப்பா சொன்னார் என்றாவது சொல்லித் தொலைத்திருக்கலாமுங்க. நான் என்ன அங்கேயா போகப் போறேன், அவன் என்னை என்ன செய்துவிடுவான். பழியைக்கூட விற்கத் தெரியாத பிள்ளை. இதற்கு மேல் ஒரு தகப்பன் என்ன செய்ய முடியும்?

மார்ச் மாதத்தில் யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்று தகவல் வந்தது. ஆக்னஸுக்குக் குழந்தை வைத்தியமே கிடைத்தது. இவளுக்கு எதுவும் இல்லை. மறு வருசமும் போட்டாள். அந்த வருசம் அந்த ஒன்றும் கூப்பிடலை.

ஆக்னஸுக்கு இடம் கிடைத்த அந்த வருசமே அவளோட அப்பா நேந்திரம் சிப்ஸ் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மகள் அமெரிக்காவுக்குக் கிளம்புகிறாள், தாரணியைப் பார்த்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போகலாம் என்று. பள்ளிக்கூடத்து வாத்தியார். பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்கவே கூச்சப்படுகிற ஆள். எனக்கு வயிறு எரிந்தது. இந்தாளுக்கு உள்ளுக்குள் ஏதோ தகவல் தெரிந்திருக்கிறது, மறைத்துவிட்டான் என்று. கேட்டே விட்டேன்.

"சார், உள்ளதைச் சொல்லுங்க. ஏப்ரல்தான்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"எனக்கு யாரு சொல்லப் போறா. பிள்ள சொல்லிச்சு, நான் இன்னும் தயாராகல்லன்னு. செரி மக்ளேன்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன உண்டு?"

பாருங்க, எவ்வளவு அழுத்தம். கடைசி வரைக்கும் வாயைத் திறக்கலை. நான் அந்தச் சிப்ஸ் பொட்டலத்தைத் தூக்கி மாட்டுத் தொட்டியில் போட்டேன், அவர் கண் முன்னாலேயே. தாரணி போய் அவர் பையை எடுத்துக் கொடுத்து, பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போய்விட்டு வந்தாள்.

அதற்கப்புறம் இவள் வீட்டில்தான் இருந்தாள். பக்கத்து ஊர் கிளினிக்கில் வேலை. அப்போது நான் இவளை ஒரு பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவேன், வேடிக்கைக்குத்தான். சந்தையில் மாட்டுக்குப் பெயர் கிடையாதுங்க. விலைதான் பெயர். அந்த அறுபதை ஓட்டிக்கொண்டு வா, இந்த நாற்பத்தைந்துக்குத் தண்ணி காட்டு என்றுதான் சொல்வோம். அந்தப் பழக்கத்தில் வந்துவிட்டது. ஏ இருநூத்தி ஒன்பது, சாப்பாடு ஆச்சா? இருநூத்தி ஒன்பது, அப்பனுக்குத் தண்ணி கொண்டா சாமி. முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிக்கலை. ஆனால் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிடிக்கலை என்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? கேட்காமல் நான் எப்படி இறங்குவேன்?

ஒரு நாள் ஒறம்பரை, சொந்தக்காரர்கள் நாலு பேர், வந்திருந்தார்கள். இவளைப் பெண் கேட்டு இல்லை, சும்மா. டாக்டர் பொண்ணு எங்கே என்றார்கள். எங்க இருநூத்தி ஒன்பது இப்பக் காபி கொண்டு வரும் பாருங்க என்றேன். என்ன அது நம்பர் என்றார்கள். முழுக் கதையையும் சொன்னேன், உங்களுக்குச் சொன்ன மாதிரியே. நடுவில் காபி வந்தது. ஒவ்வொருத்தருக்கும் கையில் கொடுத்தாள். என் டம்ளரை மட்டும் தரையில் வைத்தாள். மறுநாள் விடிந்து பார்த்தால் ஆள் இல்லை. ருக்மணிக்கு எங்கே என்று தெரியும், சொல்ல மாட்டேன் என்றாள். நானும் பேசிப் பேசிப் பார்த்தேன், அவளிடமிருந்து ஒரு வார்த்தை பெயரலை. ஆறு மாசம் கழித்து, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தவளைப் பிடித்துத்தான் இந்த ஆஸ்பத்திரிப் பெயரை வாங்கினேன்.

இப்போது எதற்குப் போகிறேன் என்றால், ஒரு வரன் வந்திருக்குதுங்க. அமெரிக்காவிலேயே இருக்கிறார். சம்சாரம் தவறிவிட்டது, ஒரு பையன். வயசு கொஞ்சம் கூடத்தான், கறக்கிற மாட்டுக்குக் கொம்பா முக்கியம். கட்டிக்கொண்டு அங்கே போய்விட்டால் அங்கேயே இருந்து இன்னொரு முறை விண்ணப்பம் போடலாம். பொண்ணு முதல் பரீட்சையில் எவ்வளவு என்று அவர் கேட்டார். பாஸ் என்றேன். எவ்வளவு என்று மறுபடி கேட்டார். இப்பெல்லாம் பாஸ் மட்டும்தானுங்க போடறாங்க என்றேன். சரி, ஜாதகத்தை அனுப்புங்க என்றார். துண்டு எப்போது போட வேண்டும் என்று எனக்கா தெரியாது?

பேசி முடித்தாயிற்று. வெற்றிலை மாற்ற வேண்டியதுதான் பாக்கி. இவள் கிளம்பி வந்தால் போதும்.

செக்போஸ்ட் வந்துவிட்டதா? சரி, நீங்க எங்கே இறங்கறீங்க? நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வந்துவிட்டேன், உங்களைக் கேட்கவே இல்லை. ஃபிளாஸ்க், குழந்தைத் துணி எல்லாம் பையில் தெரியுதே.

ஆஸ்பத்திரிக்கா? அந்த ஆஸ்பத்திரிக்கேவா? அட, முதலிலேயே சொல்லியிருக்கலாமே மனுசா. சொல்லத்தான் வந்தீங்களா? சரி சரி. குழந்தைக்கு என்ன? மூச்சுத் திணறலா? பார்க்கிறது யாரு, அவளா? நல்லாப் பார்க்கிறாளா? பக்கத்திலேயே உட்கார்ந்து பிழைக்க வைத்தாளா. சரி, அது அவளுக்கு வரும். நாற்பத்து நான்கு எடுத்தவள்.

இது தெய்வம் கொண்டுவந்து விட்டதுங்க. நீங்க எனக்கு ஓர் உதவி செய்யோணும். பேரத்தில் நேராகப் போய் நிற்கக் கூடாது, நடுவில் ஓர் ஆள் வேணும். ஊருக்கெல்லாம் நடுவில் நிற்கிறவன் நான், எனக்கு நிற்க ஆள் இல்லாமல்தான் தவித்துக்கொண்டு வந்தேன். நான் கேட் பக்கத்தில் டீக்கடையில் நிற்கறேன். நீங்க உள்ளே போங்க. டாக்டரம்மா, உங்க அப்பா வந்திருக்கார் என்று மட்டும் சொல்லுங்க. வரனைப் பற்றிச் சொல்ல வேண்டாம். என்ன கேட்கிறாள் என்று கேட்டுக்கொண்டு வாங்க. நான் கொஞ்சம் இறங்கறேன், அவள் கொஞ்சம் இறங்கட்டும்.

ஏன் தலையை ஆட்டறீங்க? சொல்ல மாட்டீங்களா? பயப்படாதீங்க, அவள் உங்களை ஒன்றும் சொல்ல மாட்டாள்.

அப்புறம் என்ன?

உங்க சம்சாரம் கேட்டாங்களா. என்ன என்று? இந்த டாக்டரம்மாவைப் பெத்தவங்க எங்க இருக்காங்கன்னா? சரி, கேட்பார்கள்தானே. அவள் என்ன சொன்னாள்?

அம்மா ஈரோட்டுல இருக்காங்க.

ம். அப்புறம்?

அப்பா இல்லைன்னாளா.

அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறங்க. ஒன்றும் இல்லை, இந்த வளைவில் எனக்கும் தலை சுற்றுது. திறங்க, காற்று வரட்டும்.

சரி. அப்பா இல்லை. இதுவும் ஒரு விலைதானுங்க. ரொம்ப மேலே ஏற்றிச் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான். ஏற்றிச் சொன்னால்தானே இறங்கி வர இடம் இருக்கும்.

ஒன்று மட்டும் சொல்லுங்க. நீங்க பக்கத்தில்தானே நின்றீங்க. அதைச் சொல்லும்போது குரல் ஏறிச்சா? இல்லையா. கண்ணு? கண்ணாவது சிமிட்டினாளா?

அதுவும் இல்லையா.

பாருங்க, நான் சொல்லலை? கெட்டிக்காரி. துளி அசைய மாட்டாள். இருநூத்திப் பத்து என்று சொன்னபோதும் இதே முகம்தானுங்க.